ஜீரோ எர்ரர் வந்தால் அரைநாள் லீவு

அந்தச் சனிக்கிழமை எங்கள் கடலூர் ஆபீஸில் எல்லா ஃபார்மும் கம்பைல் ஆகிவிட்டன, ஒன்றைத் தவிர. அது லீவு அனுமதிக்கும் ஃபார்ம். அன்று மாலை சிதம்பரத்தில் என் மகளுக்கு வளைகாப்பு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டேட்டாபேஸ் ஃபார்ம்களை, அதாவது விவரம் பதிகிற திரைகளை, ஒவ்வொன்றாகத் திறந்து கம்ப்யூட்டருக்குப் புரிகிறபடி மாற்றி கம்பைல் செய்தால் ஆயுசு போதாது. பேட்ச் ஃபைல் எழுதி, கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் கொடுத்தால் வரிசையாக ஓடிவிடும். யாராவது ஒரு ஃபார்மைத் திறந்து வைத்திருந்தால் அது மட்டும் எர்ரர் அடிக்கும். அதனால் "எல்லாரும் லாக்-அவுட் பண்ணுங்க" என்று மேனேஜர் காலையிலேயே மெயில் போட்டிருந்தார், மூன்று ஆச்சரியக்குறிகளோடு.

என்னிடம் தனியாக, "ஒங்க லீவுக்கு டிக் அடிச்சிட்டேன் மேடம். ஜீரோ எர்ரர் காட்டுங்க, சேவ் பண்றேன்" என்றார். பிறகு ரூமைப் பூட்டிக்கொண்டு சிதம்பரம் கிளையைப் பார்க்கக் காரில் போய்விட்டார். நான் போகவேண்டிய ஊருக்கு அவராவது போனாரே.

யார் ஃபார்மை மூடவில்லை என்று, இன்னும் லாக்-இன்னில் இருப்பவர்களின் செஷன்களைப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர். போன் செய்தேன்.

"சார், நீங்கதான் லீவு ஃபார்ம மூடல."

"நான் இங்க இருக்கேன், அங்க எப்படி மேடம் தொறந்திருக்கும்?"

கம்ப்யூட்டர் படித்த மனிதர்.

"ஒங்க செஷன வெட்டிடறேன் சார். சேவ் பண்ணாத டிக்கும் போயிடும். அங்கேருந்தே லாக்-இன் பண்ணி மறுபடி போட்டுடுங்க."

"சரி சரி, மீட்டிங்ல இருக்கேன்."

வெட்டினேன். பேட்சை மறுபடி ஓட்டினேன். ஜீரோ எர்ரர். மறுபடி போன் செய்தேன்.

"சூப்பர் மேடம்!"

"என் லீவு சார்?"

"அதான் காலையிலயே குடுத்துட்டேனே!" போனை வைத்துவிட்டார்.

ஃபார்மில் பார்த்தேன். என் லீவு அனுமதியில்லாமல் அப்படியே கிடந்தது. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, எங்க இருக்க? எல்லாரும் ஒக்காந்திருக்காங்க. நீ வராம நான் கைய நீட்டமாட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை அவரிடமிருந்து இரண்டு மெயில்கள். ஒன்று, ஜீரோ எர்ரருக்குப் பாராட்டு. இன்னொன்று, அனுமதியின்றி வெளியேறியதற்கு விளக்கம் கேட்டு. நான் கம்பைல் செய்த லீவு ஃபார்ம் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

தம்பி தங்கைகளே, பேட்ச் ஓட்டும் முன் மற்றவர்களை விடுங்கள், முதலில் மேனேஜரை லாக்-அவுட் செய்ய வையுங்கள். அதற்கும் முன், உங்கள் லீவை அவர் சேவ் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

விளக்கம் கேட்டாரல்லவா, ஒரு வரியில் எழுதி அனுப்பினேன்: "என் மகளுக்கு முதல் வளையலை நான்தான் போட்டேன்."