திட்டக்குடியிலிருந்து ஒரு டவுன்லோடு

இன்று சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

"எங்க ஊரு கெணத்துத் தண்ணிய சோதிச்சு நெட்டுல போட்ட யுனிவர்சிட்டி மேடம் நீங்கதான?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

"திட்டக்குடில பொண்ணு வூட்டுக்காரங்க அதப் பாத்துட்டாங்க மேடம். உப்புத் தண்ணி ஊருக்குப் பொண்ணு தரமாட்டோம்னுட்டாங்க. எம்பையன் சரியா சாப்புடவே மாட்டேங்கறான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க எங்க எறங்குறீங்க?"

சிதம்பரம்வரை டிக்கெட் எடுத்திருந்தும் புதுச்சத்திரத்திலேயே இறங்கிவிட்டேன். பஸ் நகரும்வரை ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுதான் துறையில், 'திட்டக்குடியில்கூட ஒருவர் நம் தரவை டவுன்லோடு செய்திருக்கிறார்' என்று மைசூர்பாகு கொடுத்தோம்.

ஆய்வுத் திட்ட அறிக்கையில் 'சமூகப் பயன்' என்ற இடத்தில் என்ன எழுதட்டும், சொல்லுங்கள்.