நாலாம் பக்கம்

இடது கை தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கையில் சிவப்புப் பென்சில். எதிர்முனையில் ஒருவர், "பன்னெண்டாம் தேதி, காலைல ஒன்பது மணி, சார்" என்கிறார். பென்சில் முனை மேசைமேல் இருக்கும் தாளில் 12 என்ற எண்ணுக்குக் கீழே போய் நிற்கிறது. கோடு மட்டும் விழவில்லை.

"பன்னெண்டுதானே? ஒண்ணு, பக்கத்துல ரெண்டு? சனிக்கிழமை? கன்ஃபார்மா?"

எதிர்முனையில் பெருமூச்சு. "கன்ஃபார்ம், சார்."

இப்போதுதான் கோடு விழுகிறது. இது முதல் கோடு. இன்னொருவரிடம் கேட்டு இரண்டாவது கோடு போட வேண்டும். அச்சாகி வந்த பிறகு மூன்றாவது. மூன்று கோடு விழாத எண் எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போகாது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் கன்ஃபார்ம் சார்.

உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களுக்கென்று ஒரு சங்கம். அந்தச் சங்கம் மாதம் ஒருமுறை வெளியிடும் நான்கு பக்க மடலை இருபத்திரண்டு ஆண்டுகளாக இவர்தான் தயாரிக்கிறார். முதல் பக்கத்தில் முடிவுகளும் வெற்றிச் செய்திகளும். உள்ளே போட்டித் தேதிகள், பயிற்சி முகாம்கள், விதிமாற்றங்கள், ஓர் ஆட்டமுறையின் வரைபடம். நாலாம் பக்கத்தில் காலிப் பணியிடங்கள். கைப்பேசியில் பயிற்சியாளர்களுக்குப் பத்துக் குழுக்கள் இருக்கின்றன. ஒரே போட்டிக்கு அவற்றில் மூன்று தேதிகள் உலவும். கடைசியில் யாராவது, "மடல்ல என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்பார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

பகலில் அவர் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். நான்கு மணிக்குமேல் அதே பள்ளியின் விளையாட்டுப் பொருள் அறை அவருக்கு அலுவலகமாகிறது. காற்றுப்போன பந்துகள், கிழிந்த வலைகள், ரப்பர் வாடை, ஒரு கால் ஆடும் மேசை. மேசையின் இழுப்பறையில் மருந்துப் புட்டிகளின் மூடிகள் பத்து: ஐந்து வெள்ளை, ஐந்து சிவப்பு. ஒரு வரைபடம் அச்சுக்குப் போகுமுன் மூடிகளை மேசையில் வைத்து அம்புக்குறிகளின்படி ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பார். பிறகு நாற்காலிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு, கையில் தாளோடு தாமே நடந்தும் பார்ப்பார். ஒருமுறை ஒரு கோட்டைச் சற்று வளைத்து வரைந்துவிட்டார். அடுத்த வாரமே ஒரு பயிற்சியாளர் கூப்பிட்டார்.

"சார், உங்க கோட்டை நம்பி என் பசங்க ரெண்டு பேரு மண்டைய மோதிக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்ல வீக்கம்."

"அய்யோ. எந்தப் பக்கம்?"

"அதையும் மடல்ல போடப்போறீங்களா?"

அடுத்த மடலில் திருத்தம் வந்தது. வீக்கத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

கன்ஃபார்ம் சார் கூடைப்பந்து ஆடியவர் அல்லர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ ஒரு நாள் புள்ளி எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள். அதன் பிறகு அவரை யாரும் எழுப்பவில்லை. ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கதவோரம் நின்றுகொள்வார். வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை இழுப்பார்; தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். அவருடைய மனைவி தையல் வேலை செய்கிறவர். "எங்க கல்யாணத் தேதிய எங்கப்பாகிட்ட மூணு வாட்டி போன் போட்டுக் கேட்டவரு இவரு. மூணாவது வாட்டி எங்கப்பாவுக்கே சந்தேகம் வந்து காலண்டரப் பார்த்தாரு" என்பார்.

போன மாத மடல் அவரைப் படுத்திய பாடு வேறு எந்த மடலும் படுத்தவில்லை.

அந்த இதழின் முதல் பக்கத்துக்கு உரியவர் ஒரு பெண் பயிற்சியாளர். ஒரு பள்ளியின் பெண்கள் அணியைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்துகிறவர். ஊதலே வைத்துக்கொள்ளாமல் கையைத் தட்டியே ஆட்டத்தை நிறுத்துவார். அதனால் கைதட்டு மிஸ் என்று பெயர். தமக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெற்றிகள் என்றுதான் அவர் எண்ணிவைத்திருந்தார். கன்ஃபார்ம் சாரின் பதிவேட்டில் இருநூறு.

"அந்த ஒண்ணு எது சார்?"

"ஆறு வருஷம் முன்னாடி, மழை நாள்ல. அந்த டீம் வரவே இல்லையே. விதிப்படி அது உங்க வெற்றிதான், கோச்சம்மா."

"வராதவங்கள ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

"விதி அப்படித்தான் சொல்லுது. நான் மூணு பேருகிட்ட கேட்டுட்டேன்."

கைதட்டு மிஸ் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவருடைய படம் முதல் பக்கத்தில் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை ஓர் உறை வந்தது. நாலாம் பக்கத்துக்கான விளம்பரம். "பெண்கள், ஆண்கள் இரு அணிகளுக்கும் சேர்த்து ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர் தேவை. வரும் பருவத்திலிருந்து பொறுப்பேற்க வேண்டும். பட்டயச் சான்றிதழ் கட்டாயம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் பதினைந்து." கீழே பள்ளியின் முத்திரை. முத்திரையைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது கைதட்டு மிஸ்ஸின் பள்ளி. அவர் தேசிய அளவில் ஆடியவர். பட்டயச் சான்றிதழ் எதுவும் வாங்கியதில்லை.

பென்சிலை எடுத்தார். பள்ளிக்குப் பேசினார். அங்கிருந்த அலுவலர் நல்ல மாதிரி.

"ஆமா சார், நாங்கதான் அனுப்பினோம். புது நிர்வாகம். ரெண்டு டீமுக்கும் ஒரே ஆளு போதும்னு முடிவு."

"இப்ப இருக்கிற மிஸ்?"

"இந்தப் பருவத்தோட சரி."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. அடுத்த மாசம் சொல்லுவாங்க. நீங்க போட்டுடுங்க. ஆனா வெளிய யாருக்கும் சொல்லிடாதீங்க."

"நூத்தறுபது காப்பி போடுறேன், சார். அதுக்கப்புறம் யாருக்குச் சொல்லாம இருக்கிறது?"

"அது உங்க பாடு" என்று சொல்லி அவர் சிரித்தார். கன்ஃபார்ம் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்த மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். "பார்க்கலாம் சார்" என்று பதில் வந்தது.

நான்கு பக்க மடலில் ஒரு சங்கடம் உண்டு. அகலமான ஒரே தாளை நடுவில் மடிப்பதால், முதல் பக்கமும் நாலாம் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் அச்சாகும். விரித்துப் பார்த்தால் வலப்பக்கம் கைதட்டு மிஸ் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரிக்கிறார். இடப்பக்கம் அவருடைய வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். விளம்பரத்தை மூன்றாம் பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தார். அங்கே வரைபடம் இடித்தது. வரைபடத்தைச் சுருக்கினால் அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அதோடு, வேலை தேடுகிறவர்கள் மடலைப் பின்னாலிருந்துதான் படிப்பார்கள். மறுபடியும் நாலாம் பக்கத்துக்கே கொண்டுவந்தார்.

செவ்வாய்க்கிழமை சங்கச் செயலாளரிடம் பேசினார். செயலாளர் குரல் எப்போதும் மைதானத்தில் நிற்பவர் குரல்.

"விளம்பரம் வந்தா விளம்பரம் போடணும்யா. இதுல நமக்கு என்ன?"

"யாரோட வேலையப் பத்தின சேதியும் அவங்களுக்குத் தெரியாம மடல்ல வந்ததில்ல, சார். இருபத்திரண்டு வருஷத்துல இல்ல."

"அப்ப அடுத்த மாசம் போடு."

அதுவும் அவரால் முடியாது. காரணம், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவரைக் கூப்பிடும் ஓர் இளம் பயிற்சியாளர். அவர் வேலை பார்த்த பள்ளி சென்ற ஆண்டு அணியையே கலைத்துவிட்டது. வீட்டில் கைக்குழந்தை. கையில் பட்டயச் சான்றிதழ் இருக்கிறது. "அண்ணே, நாலாம் பக்கத்துல நமக்கு ஏதாச்சும் இருக்கா?" என்பார். இல்லை என்றால், "சரிண்ணே, உடம்பப் பார்த்துக்குங்க" என்று இவருக்கே ஆறுதல் சொல்லி வைத்துவிடுவார். விளம்பரத்தை நிறுத்தினால் பதினைந்தாம் தேதி போய்விடும். அந்த இளம் பயிற்சியாளருக்கு யார் பதில் சொல்வது?

புதன்கிழமை சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. மனைவி டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"போன்ல சொல்லித் தொலைங்களேன்."

"எப்படி ஆரம்பிக்கிறது?"

"'கோச்சம்மா, ஒரு விஷயம்'னு ஆரம்பிங்க. மிச்சம் தானா வரும்."

மூன்று முறை கூப்பிட்டார். முதல் முறை மணி அடிக்கும்போதே வைத்துவிட்டார். இரண்டாம் முறை கைதட்டு மிஸ்ஸின் தாயார் எடுத்து, "மடல் சாரா? என் பொண்ணு படம் வருதாமே" என்றதும் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் முறை மிஸ்ஸே எடுத்தார்.

"சொல்லுங்க சார்!"

"கோச்சம்மா, ஒரு விஷயம்..."

"அம்மாவுக்குத் தனியா ஒரு காப்பி வேணும் சார். இப்பவே கண்ணாடியத் தொடச்சு வச்சிருக்காங்க. என்ன விஷயம்?"

"உங்க பேருல எழுத்து சரியா இருக்கான்னு..."

"பதினாலு வருஷமா அதே எழுத்துதான் சார். கன்ஃபார்ம்!" என்று அவர் சிரித்தார். இவரும் சிரித்ததுபோல் ஏதோ சத்தம் செய்தார். தொலைபேசியை வைத்த பிறகு பென்சிலை எடுத்து அந்தப் பெயருக்குக் கீழே இரண்டாவது கோட்டைப் போட்டார். கோடு நேராக விழவில்லை.

வியாழக்கிழமை காலை பள்ளி அலுவலரை மறுபடியும் கூப்பிட்டார். "பெரியவங்க ஊர்ல இல்ல சார். வந்ததும் சொல்லுவாங்க." எப்போது வருவார்கள்? "அடுத்த வாரம்." மடல் வெள்ளிக்கிழமை காலை அஞ்சலில் சேர வேண்டும். சனிக்கிழமை மாலைக்குள் நூற்றறுபது ஆசிரியர் அறைகளில் கிடக்கும். கைதட்டு மிஸ் அதைத் தம்முடைய ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் பிரிப்பார். முதல் பக்கத்தைக் காட்டத்தான் பிரிப்பார்.

அன்று அவர் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். அச்சகத்தில் மூன்று மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதல் தாள் வெளியே விழுந்ததும் எடுத்தார். மை காயவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்றாவது கோடு போட்டார். பதினைந்துக்கும் போட்டார். அச்சகக்காரர் கேட்டார்.

"எல்லாம் சரிதானே சார்? முழுசா ஓட்டட்டுமா?"

பென்சில் இன்னொரு முறை பதினைந்துக்குக் கீழே போனது.

"சார், கன்ஃபார்மா?"

அந்தச் சொல்லை அவரிடம் வேறொருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அச்சகக்காரர் பிறகு சொன்னார். கன்ஃபார்ம் சார் தலையை ஆட்டினார். பிறகு கோடு போடாத இன்னொரு தாளை எடுத்தார். மடிக்கும் மேசைக்கு அதைக் கொண்டுபோகாமல், விரித்தபடியே இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அந்தப் பள்ளி மைதானம் ஆறு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. ஆறு நிறுத்தமும் கதவோரமே நின்றார்.

பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்கள் வளையத்தைச் சுற்றி ஓடினார்கள். ஒரு நெட்டைப் பெண் தப்பான பக்கம் திரும்ப, இரண்டு கைகள் சடசடவென்று தட்டின. "எங்கம்மா போற? பந்து இங்க இருக்கு, நீ எங்க, கல்யாணத்துக்கா போற?" பெண்கள் சிரித்தார்கள், நெட்டைப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். கன்ஃபார்ம் சார் கோட்டுக்கு வெளியே நின்றார். அட்டையின் விளிம்பை விரல்கள் மாற்றி மாற்றிப் பிடித்தன.

கைதட்டு மிஸ் பார்த்துவிட்டார். "சார்! நீங்களே கொண்டு வந்துட்டீங்களா? நாளைக்குத்தானே தபால்?" துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார். பெண்களைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம், தண்ணி குடிங்க!" என்றார்.

"கோச்சம்மா, இத நாளன்னைக்கு எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க இன்னைக்கே பார்க்கணும்னு வந்தேன்."

"அதுக்கா இவ்வளவு தூரம்? வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு."

அவர் அட்டைகளைப் பிரித்தார். தாளை விரித்தபடியே நீட்டினார். கைதட்டு மிஸ் வலப்பக்கத்தைப் பார்த்து, "அட, பல்லெல்லாம் தெரியுதே" என்றார்.

"படத்தை அப்புறம் பாருங்க. முதல்ல இந்தப் பக்கம் படிங்க." அவருடைய கட்டைவிரல் இடப்பக்க விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. "நான் பள்ளிக்கூடத்துல கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். உண்மைதான், கோச்சம்மா."

கைதட்டு மிஸ் சிரிப்பு மாறாமலே குனிந்தார். கண்கள் முதல் வரியில் ஓடின. இரண்டாவது வரியில் மெதுவாகின. முத்திரை இருந்த இடத்துக்கு வந்து, மறுபடி முதல் வரிக்குப் போயின. குழாயடியில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். தாளின் வலது ஓரம் இப்போது கைதட்டு மிஸ்ஸின் பிடியில் இருந்தது.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் கன்ஃபார்ம் சார் தம் பக்கத்து ஓரத்தை விடவில்லை. கைதட்டு மிஸ் படித்து முடிக்கும்வரை, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.