கொட்டாஞ்சேனையில் என் ஊருக்கு ஒரு வாக்கு

சண்டை தொடங்கிய நாளிலிருந்து வடக்குக் கடலில் இருக்கும் எங்கள் சின்னத் தீவுக்குப் போக எனக்கு வழியில்லை. ஆனால் தேர்தல் நாளில் மட்டும் எங்கள் தொகுதி கொட்டாஞ்சேனை வரை வந்துவிடும். இடம்பெயர்ந்து கொழும்பில் இருப்பவர்கள் சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சாவடி வைப்பார்கள். போன மாதத் தேர்தலுக்கு வெள்ளவத்தையிலிருந்து அங்கே போய் வந்தேன். போக மட்டும் பதினோரு கிலோமீற்றர். அடுத்த முறை போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எனக்கு அடுத்த முறை இருக்குமா என்பதுதான் அன்றைய கவலை. மகளுக்கு வருகிற ஆண்டு முதலாம் வகுப்பு. அப்பா அம்மாவின் பெயர் கொழும்பு வாக்காளர் பட்டியலில், அதுதான் இடாப்பில், இருக்கிறதா என்று பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்கள். வீட்டுக்கார அம்மா இடாப்புப் படிவத்தை நீட்டி, "தம்பி, திங்கக்கிழமை படிவம் எடுக்க விதானையார் வருவார். நிரப்பி வையுங்கோ" என்றார். அதில் 'முன்னர் பதிந்திருந்த முகவரி' என்று ஒரு கட்டம். அதை நிரப்பினால் ஊர் இடாப்பில் என் பெயரை வெட்டிவிடுவார்கள். நாலு நாளாக அந்தத் தாளைத் தொடவில்லை.

"இடாப்பில பேர் இருந்தா வீடு திரும்பி வந்திடுமோ?" என்று கேட்டாள் என் மனைவி வாசுகி. அவள் கேட்டதில் பிழையில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

காலை 6.10க்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பஸ் ஏறினேன். புறக்கோட்டைக்கு ஏழு ரூபாய். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். இங்கேதான் என் மடத்தனம். வாக்குச் சாவடியில் தடுமாறக் கூடாதென்று விடியற்காலையிலிருந்து ஊர் முகவரியையும் வட்டார இலக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சிப்பாய் விலாசம் கேட்டதும் தீவு விலாசத்தை மளமளவென்று ஒப்பித்தேன். கொழும்பில் தங்குகிற எங்களுக்குப் பொலிஸ் கொடுக்கும் பதிவுத் துண்டு கையில் இருந்தது; அதில் வெள்ளவத்தை. பிறகு கேட்கவா வேண்டும்! "சந்தே, சந்தே" என்று வாக்குப் போடப் போவதைச் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி வெளியே வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னொரு நாலு ரூபாய்.

புறக்கோட்டையிலிருந்து ஓட்டோ, எண்பது ரூபாய். ஓட்டியவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஊர்க்காரர். "நாங்க ஓட்டுப் போட ஊருக்குப் போவோமுங்க. உங்களுக்கு ஊரே இங்க வந்துருதா?" என்று சிரித்தார். என்னை இறக்கிவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் நாலு மணிக்குள் வாக்குப் போட்டுவிடலாமாம். கொடுத்துவைத்தவர் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

வரிசையில் நின்றது 7.35 முதல் 9.20 வரை. யாரும் சொல்லாமலே ஊர் ஊராகப் பிரிந்து நின்றார்கள். யார் வெல்வார் என்று ஒருவரும் கதைக்கவில்லை. முன்பெல்லாம் எங்கள் தொகுதி அப்படியல்ல. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே கிடந்த வாக்குகளை ஒரு தேர்த் திருவிழாப் பந்திக்குள் உட்கார வைத்துவிடலாம் என்று அப்பா சொல்வார். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். இன்று மாவட்டத்துக்கு எத்தனை பாராளுமன்ற ஆசனம் என்பதையே இடாப்பில் உள்ள பெயர்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பெயராகக் கழன்று வந்தால், போர் முடிந்து ஊர் திரும்பும் நாளில் எங்களுக்காகப் பேச எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

உள்ளே எழுதுவினைஞர் என் பெயரைத் தேடினார். பழைய இடாப்பு; யாரும் எழுதிக் கொடுத்து வெட்டாத பெயர்கள் அப்படியே கிடந்தன. அவருடைய விரல் எங்கள் வீட்டு இலக்கத்தில் நின்றது. அப்பா, அம்மா, அண்ணா, நான். அப்பாவும் அம்மாவும் வன்னியில் காலமாகிவிட்டார்கள். அண்ணா கனடாவில். அந்தத் தாளில் மட்டும் நாங்கள் நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். விதிப்படி அவர் என் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசித்தார். ஊர்ப் பெயரோடு சேர்த்து என் பெயரை ஒருவர் கூப்பிட்டு எத்தனை காலம்! சின்னவிரலை மைக்கு நீட்டினேன்.

பெயரைக் கேட்டு, கட்சி முகவர்கள் வரிசையில் அடிமட்டம் வைத்து, வாக்களிக்க வந்தவர் பெயர்களுக்குக் கோடிழுத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். என்னோடு படித்த பரமேஸ். இப்போது கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடையில் வேலை. நான் வாக்குப் போட்டு முடித்ததும், மாற்று ஆளை உட்கார வைத்துவிட்டு என்னோடு தேத்தண்ணிக் கடைக்கு வந்தான். படிவத்தின் கதையைச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் இடாப்புப் பிரதியை விரித்தான். அவனுடைய வீட்டு இலக்கத்தில் அவன் பெயருக்குக் குறுக்கே அச்சிலேயே ஒரு வெட்டுக் கோடு.

"மூண்டு வருசமாச்சு மச்சான். மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில சேர்க்க வேணுமெல்லே."

"அப்ப உனக்கு இங்க வாக்கு?"

"இல்லை. முகவருக்கு வாக்கு இருக்க வேணுமெண்டு சட்டமில்லை. காலமை ஏழு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எங்கட ஊர்ப் பேரெல்லாம் ஒவ்வொண்டா வாசிப்பாங்கள். இருந்து கேட்பன். நீ போய் நிரப்பு. பிள்ளை படிக்கட்டும்."

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வாக்காளர் அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். ஏழு மணிக்கு முன் வரிசையில் நில்லுங்கள். தண்ணீர் அவசியம். சோதனைச் சாவடியில் கொழும்பு விலாசம், வாக்குச் சாவடியில் ஊர் விலாசம். மாற்றிச் சொல்லி என்னைப் போல் நிற்காதீர்கள்.

ஞாயிறு மாலை, மகள் பக்கத்தில் இருந்து படம் கீற, அந்தக் கட்டத்தை நிரப்பினேன். இலக்கம், வட்டாரம், தீவு, எதையும் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. பிறகு பரமேஸுக்கு ரெலிபோன் எடுத்து, வருகிற தேர்தலில் எனக்கும் ஒரு முகவர் கதிரை பிடித்துத் தரச் சொன்னேன்.

எந்தக் கட்சிக்கு என்று அவனும் கேட்கவில்லை.