வலப்பக்க ஸ்டியரிங்

இத்தாலியில், பலெர்மோ ரயில் ஸ்தாசியோனேக்குப் பின்னாலிருந்த பழைய வண்டி முற்றத்தில் அன்று அத்தானும் நானும் விற்பவனும் நின்றோம். அக்கா இல்லை. லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கி, அந்தக் கிழவியைக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கிற வேலை அவளுக்கு. லொறி வாங்கப்போகிற காசு முழுவதும் அவளுடையது. சின்ன லொறி ஒன்று இருந்தால் பல்லரோ சந்தையில் மரக்கறி எடுத்து எங்கள் சனத்தின் வீடுகளுக்கு விற்கலாம். அவள் அந்த வேலையை விட்டு, இரவில் தன் மகளுக்குப் பக்கத்தில் படுக்கலாம். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

விற்பனைக்கு நின்ற இரண்டும் பழைய ஜப்பான் லொறிகள். வெள்ளை, ஜெர்மனியிலிருந்து வந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம், பெட்டியின் ஓரமெல்லாம் துருக்கறள். நீலம், மால்டாவிலிருந்து கப்பலில் வந்தது; மினுங்கியது, ஸ்டியரிங் வலப்பக்கம். மன்னாரில் லொறி ஓடிய அத்தான் நீலத்தில் ஏறியவர் இறங்கவே இல்லை.

"இது எங்கட பக்கமடா. கை தானாப் போகுது."

"இஞ்சை றோட்டு மற்றப் பக்கம், அத்தான். பதிஞ்சு தருவாங்களோ எண்டு முதல்ல கேப்பம்."

"கேள், கேள். பெரிய படிப்புப் படிச்சனீ. கிளச் எது, பிரேக் எது எண்டு தெரியுமோ உனக்கு?"

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அதை அவர் ஏதோ நோய் போலத்தான் சொல்வார். இத்தாலிய நம்பர் தகடு கிடைக்குமா என்று விற்பவனிடம் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கி, "வெதியாமோ" என்றான்.

"என்னவாம்?"

"பாப்பமாம்."

"பிறகென்ன? பாக்கிறன் எண்டிட்டானே!"

வேலையை விடட்டுமா என்று அக்கா கேட்கும்போதெல்லாம் அவர் சொல்லும் பதிலும் இதே "பாப்பம்" தான். அதன் பொருள் அவருக்குத் தெரியாதா? அதையே முகத்துக்கு நேரே கேட்டேன்.

"பொத்தடா வாயை. பொம்பிளையின்ர காசில படிச்ச நாய்!"

நீலத்துக்கு அவர் எண்ணிக் கொடுத்ததும் அதே பொம்பிளையின் காசுதான்.

பதிவு அலுவலகத்தில் முன்விளக்குகள் பிழை என்றார்கள். மாற்றிக்கொண்டு போனோம். ஜப்பான் எழுத்திலிருந்த தாள்கள் செல்லாது என்றார்கள். லொறி வீதியோரத்தில் நின்றது. ஞாயிறுகளில் அத்தான் அதற்குள் ஏறியிருந்து சிகரெட் பிடிப்பார். யாரும் கேட்டால், "இவன் அங்கை ஒழுங்காக் கதைக்கேல்லை" என்று என்னைக் காட்டுவார். இப்போதும் ஒரே மாதா கோவிலில்தான் பூசை காண்கிறோம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மனமாரத்தான் திரும்புகிறேன்.

சிஞ்ஞோரா சாகும்வரை அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள். அதற்குள் மகள் தனியே படுக்கப் பழகிவிட்டாள். லொறி, விளக்கு, தாள் அலைச்சல் எல்லாம் கூட்டி, கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டு வந்ததைக் கழித்தால், அக்காவின் காசில் போனது ஐம்பத்திரண்டு இலட்சம் லீரா.