பூந்தமல்லித் தையல்காரரின் நாக்கு

காலை ஆறு ஐம்பதுக்குப் பெரம்பூரில் ரயிலேறினேன். ஆவடிக்கு மூன்றாம் வகுப்பு இரண்டரை அணா. பூந்தமல்லிக்குப் பட்டணத்திலிருந்து நேராகப் பஸ் இருக்கிறது, பதினான்கு மைல்தான். நான் போனது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் என் மைத்துனர் கடை வைத்திருக்கிறார். பார்த்தால் எங்கே என்று கேட்பார். எனக்குப் பொய் சுமாராகத்தான் வரும்.

விஷயம் இதுதான். என் நாக்கின் இடது ஓரத்தில் மிளகளவு புண் ஒன்று நான்கு மாதமாக ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதித்துவிட்டுப் புற்று என்றார். ஆரம்ப நிலைதான், ரேடியம் ஊசி வைத்தால் குணமாகும் என்றும் சொன்னார். முதல் சொல்தான் என் காதில் ஏறியது. புற்று வந்து பிழைத்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் சாவதற்கு வீட்டிலேயே சாகலாம் என்று இருந்தேன். என் பிடிவாதத்தைப் பார்த்த கம்பவுண்டர் ஒரு சீட்டில் பெயரும் தெருவும் எழுதிக் கொடுத்தார்.

"காசிம்னு ஒரு தையல்காரர். ஆறு வருஷம் முன்னாடி, உங்களுக்கு வந்த அதே இடம். போய்ப் பாருங்க. நாங்க கார்டு போட்டா பதிலே வர்றதில்ல. உயிரோட இருந்தா எங்களுக்கும் சொல்லுங்க, ரிஜிஸ்டர்ல எழுதணும்" என்றார்.

மனைவி போய் ஒன்பது வருஷம். பெண் ரங்கூனில் குடும்பத்தோடு இருக்கிறாள். புண்ணைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வில்லிவாக்கம் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கிடந்தது. பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, புண்ணைப் பல்லில் உரசிப் பார்த்துக்கொண்டே போனேன். உரசாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு வேலை இல்லாதவனுக்கு அதுதான் வேலை.

ஏழு நாற்பது, ஆவடி. ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு ஜட்கா. பூந்தமல்லி ஆறு மைல், போகவர ஒன்றேகால் ரூபாய் என்றார் வண்டிக்காரர் முனுசாமி. பேரம் பேசி ஒரு ரூபாய் ஆக்கினேன். சாகப்போகிறவனுக்கு நாலணாவில் என்ன ஆசையோ.

பருத்திப்பட்டு தாண்டும்போது வெற்றிலைப் பையை நீட்டினார். வாயில் புண், வேண்டாம் என்றேன்.

"வாய்ப்புண்ணா சாமி? சும்மா உட்டுடாதீங்க. எங்க பெரியப்பன் இப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு. கடைசில புத்தாப் பூடுச்சி. கஞ்சிகூட எறங்கல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"போயி இன்னா? புத்து வந்தா பொழைக்கறதாவது. பொழச்சிகினான்னா அது புத்தே இல்ல சாமி, வேற இன்னாவோ."

செத்தால் புற்று, பிழைத்தால் வேறு ஏதோ. மீதி வழி முழுவதும் குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பது மணிக்குப் பூந்தமல்லி. காசிம் வீட்டு முன்கூடத்தில் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தது. வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "காசிம் சாயபு நீங்கதானா? பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினாங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

ஐம்பது வயது, தாட்டியான ஆள். முகம் ஒரு விநாடி வெளுத்தது.

"ஆமா ஆமா, கோட்டு தைக்க ஆள் வரும்னு டாக்டரய்யா சொல்லியிருந்தாரு" என்று எழுந்து வந்து, அளவு நாடாவை என் மார்பில் சுற்றி, "முப்பத்திரெண்டு" என்று உரக்கச் சொன்னார். 'ர' வரும் இடத்தில் பேச்சு கொஞ்சம் வழுக்கியது. அதைக் கேட்டதும் அவர் வாயையே பார்த்தேன். கை நீளம் அளக்கும் சாக்கில் காதருகே குனிந்தார்.

"பொண்ண நிச்சயம் பண்ண வந்துகீறாங்க. வண்டியாண்ட போயி நில்லுங்க, வரேன்."

முக்கால் மணி நேரம் ஜட்காவின் பக்கத்தில் நின்றேன். முனுசாமி டீ குடிக்கப் போய்விட்டார். காசிம் இனி வரமாட்டார் என்றே நினைத்திருந்தபோது வந்தார்.

"எனக்கு வந்தது புத்து இல்ல" என்றார் முதலில். "பல்லு குத்தி புண்ணாச்சி. ஊர்ல அப்டித்தான் தெரியும். புத்து வந்த ஊட்ல பொண்ணு எடுப்பாங்களா? ரத்தத்துல கீதுன்னுவாங்க. கார்டு வந்தா நானே கிழிச்சிப் போட்டுடறேன்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தும் எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் யாரைப் பார்த்து நம்பறது?" என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். என்னை வண்டியின் மறைவுக்கு இழுத்துப்போய், வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். இடது ஓரத்தில் ஒரு கடி கடித்த பிஸ்கோத்து மாதிரி சின்னப் பள்ளம். அதன்மேல் வெளுத்து வழவழத்த தழும்பு. வேறு ஒன்றுமில்லை.

"உங்களத காட்டுங்க."

நீட்டினேன். நரைத்த தலைக்காரர்கள் இருவர் பட்டப்பகலில் குதிரை வண்டிக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். துணியில் இழை பார்ப்பதுபோல அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு இதவிடப் பெருசு" என்றார்.

பிறகு அவசர அவசரமாகச் சொன்னார். நாக்கில் ஏழு ஊசி குத்தி ஏழு நாள் அப்படியே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஊசியிலும் நூல் கட்டி, நுனியைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார்கள். ஊசி விழுந்துவிடவில்லையே என்று காலையும் மாலையும் நூலை எண்ணுவார்கள். பேச முடியாது, பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

"ரேடியம் படும்னு யாரும் கிட்ட வரமாட்டாங்க. நர்ஸம்மாகூட தூர நின்னுதான் பேசும். வலிய தாங்கிக்கலாம், அதுதான் தாங்காது. உப்பு ருசி தெரிய மூணு மாசம் ஆச்சி." கிளம்பும்போது, "ஆஸ்பத்திரில கேட்டா ஆள் ஆப்டலன்னு சொல்லிடுங்க. இன்னொரு தபா வராதீங்க சார்" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு ஆவடி திரும்பினேன். ரயிலுக்கு இன்னும் அரை மணி இருந்தது. கம்பவுண்டரின் ரிஜிஸ்டரை நினைத்துக்கொண்டேன். செத்தவர்கள் அதில் பத்திரமாக இருப்பார்கள். பிழைத்தவர்கள்தான் காணாமல் போகிறார்கள். என் பேத்திக்கு வரன் பார்க்கும் காலத்தில் நானும் கார்டைக் கிழித்துப் போடுவேனோ என்னவோ.

திங்கட்கிழமை போய்ப் படுத்துக்கொள்வது என்று அந்தப் பிளாட்பாரத்தில் முடிவு செய்தேன். மனசு லேசாகிவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. என் நாக்கைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் டாக்டர். மற்றவரை நான் பார்க்கவே இல்லை.