பேய் இல்லாத படம்

எங்கள் தெருவுக்குப் பட்டணத்து சென்சார் போதாது. அவர்கள் வெட்டி ஒட்டி அனுப்பிய படத்தை எங்கள் அத்தையும் ஒரு தடவை பார்த்துச் சரி என்றால்தான் வயசுப் பிள்ளைகள் கொட்டகைப் பக்கம் போக முடியும். அத்தை அப்பாவுக்கு அக்கா. பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குப் பக்கத்திலேயே வீடு. புதுப்படம் வந்த வாரமே மேட்னி பார்த்துவிட்டு வந்து குழாயடியில் தீர்ப்புச் சொல்லுவாள். கட்டிப்பிடிக்கிற காட்சி இருந்தால் கூடாது. பேய் வந்தால் கூடவே கூடாது. மற்றபடி கொலை, குத்து, விஷம் எதுவும் அத்தையின் கணக்கில் சேராது.

எனக்குப் பதினாறு, தங்கைக்குப் பதிமூன்று வயதில் அந்தப் படம் வந்தது. போஸ்டரைப் பார்த்தே அப்பா வேண்டாம் என்றார். அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லடா. ஒரு பொம்பளைக்குப் புத்தி கொஞ்சம் பிசகிப் போவுது, அவ்ளோதான். பசங்க தாராளமா பாக்கட்டும்."

அதில் பொய் இல்லை. எங்கள் வீட்டிலும் அவ்வளவுதான் இருந்தது. தங்கைக்கு அடுத்துப் பிறந்த ஆண் குழந்தை, அம்மா சரியாக முகம் பார்ப்பதற்குள் போய்விட்டது. அதிலிருந்து, அப்பாவின் தறிக்காக ராட்டையில் நூலைத் தார் சுற்றும்போதெல்லாம் அம்மா அவனோடு பேசுவாள். பசிக்கிறதா என்று கேட்பாள், கொஞ்சுவாள், சமயத்தில் திட்டவும் திட்டுவாள். தறிச் சத்தம் போல அதுவும் எங்களுக்கு வீட்டுச் சத்தம். சமையலிலோ எங்களுக்குத் தலை பின்னிவிடுவதிலோ அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. அதை யாரும் வியாதி என்று சொன்னதுமில்லை.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்று நானும் தங்கையும் மேட்னிக்குப் போனோம். படத்தில் ஒரு தாய் காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தனியாகப் பேசுகிறாள். சாந்தமான முகம். கடைசியில் பார்த்தால், அந்த வீட்டில் விழுந்த சாவெல்லாம் அவள் விஷம் கலந்து கொடுத்த பாலால். கொட்டகையே 'ஐயோ' என்றது. தங்கை என் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

சாயங்காலம் சாதம் பிசைந்து எங்கள் கையில் உருட்டிப் போடுவது அம்மாவின் வழக்கம். அன்றும் படம் எப்படி என்று கேட்டுக்கொண்டே உருண்டையை நீட்டினாள். தங்கை கையை நீட்டவில்லை. வயிற்று வலி என்றாள். மறுநாளும் வயிற்று வலி. அப்புறம் தானே தட்டில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மா ஒரு வாய் தின்ற பிறகுதான் இவள் வாயில் வைப்பாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். "அது சினிமாடி! இது நம்ம அம்மா!"

"அந்தப் பொம்பளையும் அம்மாதானேக்கா?" என்று அழுதாள்.

விஷயம் அத்தை காதுக்கும் போனது. "பேயே இல்லாத படத்துக்கு இன்னாத்துக்கு பயப்படறா?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அத்தையைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம் அம்மா ராட்டையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா என்னப் பாத்து பயந்துக்கினு இருக்குதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் பேசறேனே, அதனாலயா?"

நான் குனிந்து தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து அம்மா தம்பியோடு பேசுவதை விட்டுவிட்டாள். ராட்டை மட்டும் சுற்றியது. "உன் பொண்டாட்டி தேறிட்டாடா" என்று அத்தை அப்பாவிடம் சொல்லிப் பூரித்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அப்பாவும் நம்பினார். தங்கை மெல்ல மெல்ல மறுபடி கை நீட்டினாள், அம்மா உருட்டிப் போட்டாள்.

சில நாள் தார் சுற்றும்போது அம்மாவின் உதடு அசையும். தங்கை அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று நின்றுவிடும். ஒரு பிள்ளை பயப்படுகிறது என்பதற்காக இன்னொரு பிள்ளையை அவள் மறுபடியும் புதைத்துவிட்டாள். வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.