மழை பெய்யாத டிக்கியில் ஈரம்

1. படுத்துக்கொண்டு வந்த வண்டி

சின்னமனூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக முப்பத்தொரு வருடம் ஓட்டிவிட்டேன். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எந்த ஸ்கேனர் வாங்கலாம்ணே?" வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியின் கோளாறைக் காட்டும் அந்த ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டே நான் முட்டாளாக நின்ற ஒரு வண்டியைப் பற்றிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அது ஒரு தை மாதக் காலை. கோம்பை ரோட்டிலிருந்து கறுப்பு நிறத்தில் பெரிய வெளிநாட்டு எஸ்யூவி ஒன்று ஆள் நடக்கும் வேகத்தில் வந்து என் ஷெட் முன்னால் நின்றது. முன்பக்கம் நிமிர்ந்திருக்கிறது, பின்பக்கம் தரையோடு படுத்திருக்கிறது. பின் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் நாற்றம் வீசியது. ஓட்டி வந்தவர் தங்கராசு, திராட்சை விவசாயி. பக்கத்தில் அவருடைய மனைவி செல்வி, கோம்பையில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, மதுரை ஷோரூம்ல காட்டினேன். பின்னாடி உள்ளது மொத்தத்தையும் மாத்தணும்னு சொல்லுறாக. அதுக்கு இன்னொரு வண்டியே வாங்கிரலாம்" என்றார் தங்கராசு.

எனக்குக் கோபம் வந்தது. எந்த வண்டியைப் பார்த்தாலும் மொத்தத்தையும் மாற்று என்பவர்கள் மேல் எனக்கு எப்போதும் கோபம்தான். கூடவே ஆசையும் வந்தது. ஸ்பிரிங்கே இல்லாமல், காற்று அடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்கிற வண்டி. பேப்பரில் படித்திருக்கிறேன், கை வைத்ததில்லை.

2. இந்த வண்டிதான் ஏன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் டீச்சர் ஸ்கூட்டரில் போகும்போது விழுந்துவிட்டார். முதுகுத்தண்டில் ஆபரேஷன். வேலைக்குப் போகலாம், ஆனால் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் ஊர் ரோட்டில் குலுங்காமல் எப்படிப் போவது? பஸ் ஆகவில்லை, ஆட்டோ ஆகவே ஆகவில்லை. வீட்டில் இருந்த சின்னக் காரில் ஒரு வாரம் போனார், பத்து நாள் படுத்துக் கிடந்தார். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

தங்கராசு ஊர் ஊராகப் போய் கண்ட கார்களில் எல்லாம் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கடைசியில் கோயம்புத்தூரில் பழைய கார் விற்கிற யார்டில் இந்த வண்டி. பதினோரு வருடப் பழசு. புதிதில் இதன் விலைக்கு எங்கள் பக்கம் ஒரு தோட்டமே வாங்கலாம். இப்போது ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குக் கொடுத்தார்கள். டீச்சரைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அவர் பையிலிருந்து பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்து, ஓடுகிற வண்டியிலேயே திருத்திப் பார்த்தாராம். போட்ட டிக் ஒன்றுகூடக் கோணவில்லை. அன்றே முடித்துவிட்டார்கள்.

ஊரில் சும்மா விடுவார்களா? "திராட்சை விக்கிறவனுக்கு எதுக்குலே மந்திரி காரு?" என்று கேலி செய்தார்கள். தங்கராசு சட்டை செய்யவில்லை. ஐந்து மாதம் டீச்சர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆறாவது மாதம் வண்டி படுத்துவிட்டது.

தங்கராசு டீ வாங்கப் போன நேரத்தில் டீச்சர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, முடியலேன்னா முடியலேன்னு சொல்லிருங்க. என்னாலதான் இவருக்கு இத்தனை அலைச்சல். விருப்ப ஓய்வுக்கு லெட்டர் எழுதிட்டேன், இன்னும் குடுக்கல."

அந்த லெட்டர் ஆபீசுக்குப் போவதும் போகாததும் என் ஷெட்டில்தான் இருக்கிறது என்பது புரிந்தது.

3. பச்சையைப் பார்த்ததும்

இந்த வண்டியில் பேட்டரி முன்னால் இல்லை. டிக்கியின் தரையைத் தூக்கினால் கீழே ஒரு பள்ளம். அதில் பேட்டரி, பக்கத்திலேயே சஸ்பென்ஷன் கண்ட்ரோல் யூனிட். எவ்வளவு காற்று வேண்டும் என்று கம்ப்ரஸருக்கு உத்தரவு போடுவது அந்தச் சின்னப் பெட்டிதான். ஸ்கேனரைப் போட்டால், அந்தப் பெட்டியிலிருந்து பதில் வரவில்லை என்று மட்டும் காட்டியது. பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கினேன். உள்ளே ஊசி ஊசியாக இருக்கும் பின் எல்லாம் பச்சை பூத்திருந்தது. பள்ளத்தின் அடியில் ஈரம்.

வயரில் பச்சை என்றால் தண்ணீர். முப்பத்தொரு வருடமாக எனக்குத் தெரிந்த பாடம். கூரையில் கண்ணாடி உள்ள வண்டிகளில் மழைத்தண்ணீர் இறங்க ஒரு டியூப் இருக்கும், அது அடைத்தால் தண்ணீர் டிக்கிக்கு வரும். டியூபைக் கழற்றிப் பார்த்தேன், கொஞ்சம் தூசி இருந்தது. அது போதாதா எனக்கு? ஊதிவிட்டேன், சந்துகளில் சீலன்ட் அடித்தேன், பின்களைச் சுத்தம் செய்து மாட்டினேன். கம்ப்ரஸர் உர்ரென்றது. வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்தது.

தங்கராசு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பார்த்தவர்களிடம் எல்லாம் மதுரை ஷோரூமைப் பற்றி நான் பேசிய பேச்சு கொஞ்சமில்லை.

பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வண்டி மறுபடி படுத்துக்கொண்டு வந்தது.

4. ஆளுக்கு ஒரு யோசனை

இப்போது ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் வைத்தியர் ஆகிவிட்டார்கள். கூடலூரில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர், என் சிநேகிதர், வந்து பார்த்துவிட்டு, "காத்தும் வேணாம், கீத்தும் வேணாம். அங்கன ரெண்டு காயில் ஸ்பிரிங் போட்டு விடு. லைஃப் டைம் கவலையில்ல" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங் போட்டால் வண்டி ஓடும், டீச்சரால் அதில் போக முடியாது. அதை வைத்துக்கொண்டு தங்கராசு என்ன செய்வார்?

சனிக்கிழமை காலை தங்கராசு மட்டும் பஸ்ஸில் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, அவ திங்கக்கிழமை லெட்டரக் குடுக்கப் போறா. ஸ்கூலுக்குப் போயி நாலு நாளாச்சு. பத்தாங்கிளாஸ் பிள்ளைக போன் போட்டு கணக்குக் கேக்குதுக. போன வச்சுட்டு அழுகுறா. நேராச் சொல்லுங்க, ஆகுமா ஆகாதா?"

"திங்கக்கிழம காலையில சொல்றேன்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

5. செம்பு பூசிய போல்ட்

அவர் நிற்கும்போதே மறுபடி டிக்கியைத் திறந்தேன். பச்சை இருந்தது, ஈரமும் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. மழை நின்று இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பிறகு இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

பள்ளத்தைத் துடைத்துக் காயவைத்து, அடியில் நியூஸ்பேப்பர் விரித்து மூடினேன். ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கூரை, கதவு, பின் கண்ணாடி எல்லாவற்றிலும் ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்தேன். தங்கராசு கூடவே நின்று பார்த்தார். திறந்து பேப்பரை எடுத்தால் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஆக, என் முதல் ரிப்பேர் முழுக்கத் தப்பு. தண்ணீர் வெளியிலிருந்து வரவே இல்லை. டியூபில் இருந்த தூசியை நம்பி நான் பெருமை பேசியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட, இது என்ன என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற அரிப்புதான் பெரிதாக இருந்தது. பள்ளத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட் கையில் வந்தது. அழுக்கைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே சிவப்பு. துரு அப்படி இருக்காது. இது புதுச் செம்புக் குடம்போல மின்னியது. காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. இரும்பு போல்ட்தான். இரும்புக்குச் செம்பு முலாம் பூசியது யார்?

"தங்கராசு, இங்கன வாங்க. இதப் பாருங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல."

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இது எங்க அருவாள்ல வர்ற செவப்பு."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். திராட்சை இலையில் நோய் வராமல் இருக்க மயில்துத்தம் என்ற நீலநிறச் செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்துக் கலந்து அடிப்பார்கள். கலவை சரியா என்று பார்க்க, தீட்டிய அரிவாளை அதில் முக்கி எடுப்பார்கள். இரும்பில் சிவப்புப் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் ஊற்ற வேண்டும். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

"மயில்துத்தம் இந்த டிக்கிக்குள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார். "துத்தத்த மட்டும் வீட்டுலயே கரைச்சு கேன்ல ஊத்திருவேன், சுண்ணாம்பு தோட்டத்துலதான் கலக்குறது. காலையில அவள ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே தோட்டத்துக்குக் கொண்டு போயிருவேன். இந்த வண்டியில ஒண்ணும் ஏத்தக் கூடாதுன்னு அவ மொதல்லயே சொன்னா. சரின்னு தலையாட்டுனேன்."

"கேனக் கட்டலியா?"

"முன்னாடி வாடகை ஜீப்புல ஏத்துனப்ப கட்டாம விட்டேனா? இந்த வண்டிதான் குலுங்கவே குலுங்காதேண்ணே. எதுக்குக் கட்டணும்னு விட்டுட்டேன்."

குலுங்காத வண்டியில் கேன் உருளவில்லை, சத்தம் போடவில்லை. வளைவுக்கு வளைவு லேசாகச் சாய்ந்து, மூடியின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. கார்ப்பெட் குடித்தது போக மிச்சம் பள்ளத்துக்குப் போயிருக்கிறது. நான் சுத்தம் செய்து கொடுத்தபின் பதினோரு நாள் ஓடியதே, அதில் மூன்று தடவை மருந்து அடித்ததாகச் சொன்னார்.

"அவகிட்டச் சொல்லிராதீகண்ணே" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்த்தபின் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். "என் மேலயும் தப்பு இருக்கு. இதுல தினமும் என்ன கொண்டு போறீகன்னு மொத நாளே கேட்டிருக்கணும். வயரப் பாத்தேன், உங்களக் கேக்கல."

6. திங்கட்கிழமை

காரணம் தெரிந்தபின் வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். கண்ட்ரோல் யூனிட்டைப் பிரித்தேன். போர்டில் கரண்ட் ஓடும் செம்புக் கோடுகளையே நான்கு இடத்தில் மருந்து தின்றிருந்தது. டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, தின்ற இடங்களில் தலைமுடி மாதிரி வயர் வைத்து சால்டர் செய்தேன். கனெக்டரைச் சுத்தம் செய்து பயனில்லை. வெட்டி எறிந்துவிட்டு, புது பின் அடித்து, ஒவ்வொரு வயராக மல்டிமீட்டரில் பார்த்தேன். கார்ப்பெட்டை உரித்து வெளியே போட்டேன். ஞாயிறு மத்தியானம் இக்னிஷன் போட்டபோது தங்கராசு கண்ணை மூடிக்கொண்டார். கம்ப்ரஸர் உர்ரென்றது. இந்தத் தடவை நான் யாரிடமும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை தங்கராசு வீட்டுக்கே போய் நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். ஓடும்போது ஸ்கேனரில் பிரஷர் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். உண்மையில் என்ன ஆகிறது என்று என் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டீச்சர் முன்னால் உட்கார்ந்தார். மடியில் கைப்பை, அதற்குள் ஒரு நீளக் கவர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கிளை வெட்டிக் கவாத்து முடிந்த திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிப் போனோம்.

ரோடு பெயர்ந்து கிடக்கும் இடம் வந்தது. டீச்சர் கைப்பிடியை இறுகப் பிடித்தார். வண்டி அந்தப் பள்ளங்களைத் தடவிக்கொண்டு போனது. பிடித்த கையை அவர் மெல்ல எடுத்தார்.

அப்போதுதான் தங்கராசு ஆரம்பித்தார். ரோட்டைப் பார்த்தபடியே, கேன், மூடி, தோட்டம் என்று ஒன்று விடாமல் சொன்னார். "உன் வண்டியக் கெடுத்தது நான்தான் செல்வி" என்று முடித்தார்.

டீச்சர் கத்துவார் என்று நான் பின்னால் பதுங்கினேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளி கேட் தெரிந்தபோது திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா என் முதுகு ஒரு வீட்டையே சாய்க்குதுன்னு நெனச்சு, தெனமும் செத்துக்கிட்டு இருந்தேன். நீங்க என்னடான்னா மயில்துத்தம்ங்கிறீக."

இன்று என் ஷெட்டில் எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், "இதுல தினமும் என்ன போகுது, யாரு போறாக?" என்று கேட்டு ஜாப் கார்டில் முதல் வரியாக எழுதிவிடுகிறேன். தம்பிகளே, இதைச் சொல்லிக்கொடுக்கிற ஸ்கேனர் இன்னும் வரவில்லை.

அன்று பள்ளி கேட்டில் வண்டி நின்றதும் டீச்சர் இறங்கினார். கைப்பையிலிருந்த லெட்டர் கவரை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த சீட்டிலேயே போட்டார்.

"சாயங்காலம் நாலரைக்கு வாங்க. டிக்கியத் தெறந்து பாத்துட்டுத்தான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு, பெல் அடித்துக்கொண்டிருந்த பள்ளிக்குள் போனார்.